அன்பும் படிக்கல்லும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சினிடையே வந்த சில குறிப்புகள் சுருக்கப்பட்டுள்ளன.)



'விவிலிய ஞானத்தில் அன்பும் நேர்மையான வாழ்வும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இவ்விரண்டையும் தனித்தனியே பேசுவது எளிது. அன்பைப் பேச நமக்குத் திருமண ஆராதனைகள் இருக்கின்றன. நேர்மையைப் பேச ஓய்வுநாள் பள்ளியின் மனப்பாட வசனங்கள் இருக்கின்றன. இரண்டும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று கேட்டால்தான் பேச்சு கடினமாகிறது. இன்று அந்தக் கடினமான கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

திருமண ஆராதனையில் தவறாமல் வாசிக்கப்படும் பகுதி 1 கொரிந்தியர் 13. அந்த அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தை எத்தனை பேர் கவனித்திருப்போம்? அநியாயத்தைக் கண்டு அன்பு மகிழாது, உண்மையோடு சேர்ந்தே மகிழும் என்று பவுல் அங்கே சொல்கிறார். அவர் இதை மணமக்களுக்கு எழுதவில்லை. கொரிந்து சபையில் ஒருவரை ஒருவர் வழக்குமன்றத்துக்கு இழுத்தார்கள். 6-ஆம் அதிகாரம் அதைக் கண்டிக்கிறது. திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். 11-ஆம் அதிகாரம் அதைக் கண்டிக்கிறது. அந்தச் சண்டைக்கும் அந்தப் பந்திக்கும் மருந்தாகத்தான் 13-ஆம் அதிகாரம் வருகிறது. நாமோ மருந்தை எடுத்து மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டோம்.

நான் நிறுவ விரும்புவது இதுதான். ஒருவரைவிட இன்னொருவருக்குக் கை ஓங்கியிருக்கும் இடத்தில்தான் விவிலியம் அன்பைச் சோதித்துப் பார்க்கிறது. விற்பவரின் கையில் தராசு இருக்கிறது. வேலை வாங்குபவரின் கையில் கூலி இருக்கிறது. கடன் கொடுத்தவரின் கையில் அடமானம் இருக்கிறது. நிலக்காரரின் கையில் விளைச்சல் இருக்கிறது. அந்தக் கை என்ன செய்கிறது என்பதே கேள்வி. அங்கே நேர்மை தவறினால், பிற்பாடு எவ்வளவு கொடை கொடுத்தாலும் அது விவிலியம் பேசும் அன்பாகாது. இதை ஆறு செய்திகளாகப் பிரித்துச் சொல்கிறேன். வசனங்களை அப்படியே படிக்காமல் பொருளை மட்டும் சொல்லிச் செல்கிறேன். வேதாகமம் வைத்திருப்பவர்கள் அதிகார எண்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. கட்டளை நிற்கும் இடம்

தன்னிடம் வைக்கும் அன்பை ஒருவர் அயலாரிடமும் வைக்க வேண்டும் என்ற கட்டளையை இயேசுவின் வாயிலிருந்து கேட்டுப் பழகியிருக்கிறோம். அது முதலில் வருவது லேவியராகமம் 19:18-இல். பலி முறைகளையும் தீட்டு விதிகளையும் சொல்லும் நூல் என்று நாம் ஒதுக்கி வைக்கும் அதே லேவியராகமம்தான்.

அந்த அதிகாரத்தை வரிசையாகப் படியுங்கள். 9, 10-ஆம் வசனங்களில் வயலின் ஓரத்தை முழுவதும் அறுத்துவிடக் கூடாது, திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு போகக் கூடாது. அவை ஏழைக்கும் பரதேசிக்கும் உரியவை. அடுத்து களவு, பொய், பொய்யாணை. 13-இல், கூலிக்காரனின் கூலியை விடியும்வரை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. 14-இல், காது கேளாதவரைச் சபிக்கக் கூடாது, பார்வையற்றவரின் வழியில் தடை போடக் கூடாது. 15-இல், தீர்ப்பு சொல்லும்போது பெரியவனின் முகம் பார்க்கக் கூடாது. ஏழை என்பதற்காகவும் ஒருபக்கம் சாயக் கூடாது. 16-இல் கோள் சொல்லுதல். 17-இல் மனத்துக்குள் வைத்திருக்கும் பகை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் 18-ஆம் வசனம் அயலாரை நேசிக்கச் சொல்கிறது. அதற்கு முன் வந்தவை அனைத்தும் அந்த நேசம் நடைமுறையில் என்ன என்பதற்கான விளக்கம்.

இதே அதிகாரத்தில் இன்னோர் அன்புக் கட்டளையும் உண்டு. பலரும் அதைக் கடந்து போய்விடுகிறோம். 34-ஆம் வசனம் நாட்டில் வந்து தங்கிய அந்நியரையும் தன்னைப்போலவே நேசிக்கச் சொல்கிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே என்பது அதற்குச் சொல்லும் காரணம். அதை ஒட்டி வரும் 35, 36-ஆம் வசனங்கள் எதைப் பற்றியவை? தராசு, எடைக்கல், தானியம் அளக்கும் எப்பா, எண்ணெய் அளக்கும் ஹின். சந்தைக்குப் புதிதாக வந்தவரைத்தான் அளவில் ஏமாற்றுவது எளிது. அவருக்கு ஊரில் உறவு இல்லை, விலை தெரியாது, சண்டை போட ஆள் இல்லை. அதனால் அந்நியரிடம் காட்டும் அன்பு சரியான எடையில் தொடங்குகிறது.

அயலாரை நேசிக்கும் கட்டளையை இரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் அக்கிபா தோராவின் பெரும் விதி என்று போற்றினார். இயேசு அதைக் கடவுளை முழுமனத்தோடு நேசிக்கும் கட்டளையோடு இணைத்தார். பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதியபோது நியாயப்பிரமாணம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாகச் சொன்னார். யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார். 2:8-இல் இந்தக் கட்டளையைச் சொல்லும் அவர், அதற்கு முன்பு முகம் பார்த்து நடத்துவதைக் கண்டிக்கிறார். 5:4-இல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக எழுதுகிறார். இரண்டும் லேவியராகமம் 19-இன் செய்திகள். யாக்கோபின் கடிதம் அந்த அதிகாரத்தை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறது என்பதை லூக் திமொத்தி ஜான்சன் 1982-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். யாக்கோபு அன்புக் கட்டளையை அதன் இடத்திலிருந்து பிடுங்கவில்லை. நாம் பிடுங்கிவிட்டோம்.

2. பையிலிருக்கும் படிக்கல்

நீதிமொழிகள் நூல் கள்ளத்தராசைப் பற்றி ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. 11:1, 16:11, 20:10, 20:23 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதிலும் 16:11, பையிலிருக்கும் எடைக்கற்கள் அனைத்தும் கடவுளின் வேலைப்பாடு என்கிறது. மலையையும் கடலையும் கடவுளின் படைப்பு என்று பாடும் நூலில், வியாபாரியின் படிக்கல்லுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

அந்தக் கற்கள் இன்றும் நம் கண்முன் இருக்கின்றன. எருசலேம், லாகீஸ் போன்ற இடங்களின் அகழாய்வுகளில் கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் எடைகள் கிடைத்துள்ளன. மேற்புறம் குவிந்தும் அடிப்புறம் தட்டையாகவும் இருக்கும். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.3 கிராம். அந்தக் காலத்து யூதாவில் நாணயம் புழக்கத்துக்கு வரவில்லை. வெள்ளியையும் நிறுத்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே ஒரே வியாபாரத்தில் இரண்டு அளவைகள்: தானியத்தை அளக்க எப்பா, அதற்கு விலையாகத் தரும் வெள்ளியை நிறுக்கப் படிக்கல்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆமோஸ் 8:5-ஐப் படித்தால் தீர்க்கதரிசியின் கோபம் விளங்கும். எப்பாவைச் சிறிதாக்குகிறார்கள், சேக்கலைப் பெரிதாக்குகிறார்கள். கொடுக்கும் பக்கம் குறைவு, வாங்கும் பக்கம் கூடுதல். அடுத்த வசனத்தில் தானியத்தின் பதரையும் சேர்த்து விற்கிறார்கள். இதைச் செய்பவர்கள் கோயிலுக்குப் போகாதவர்களும் அல்லர். அமாவாசைத் திருநாளும் ஓய்வுநாளும் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கும் பக்தர்கள். ஆராதனையின் நடுவிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனத்தை கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே ஆமோஸ் படம் பிடித்துவிட்டார்.

இதை வணிக நேர்மை என்று சொல்லிவிட்டுப் போகலாமே, அன்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். வாங்குபவர் எடைக்கல்லைத் தன் வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு வருவதில்லை. விற்பவரை நம்பித்தான் வாங்குகிறார். நம்பி வந்தவரின் நம்பிக்கையையே கொள்ளைப் பொருளாக்குவது கள்ளப்படி. அன்பின் முதல் பணி தன்னை நம்பியவரைக் கைவிடாமல் இருப்பது என்றால், சரியான படிக்கல் அன்பின் கருவி.

இந்த ஞானம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதாக விவிலியமே சொல்லிக்கொள்ளவில்லை. எகிப்தில் எழுந்த ஆமெனமோப்பேயின் அறிவுரைகள் அடங்கிய பாப்பிரஸ் சுருள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை 1923-இல் எகிப்தியல் அறிஞர் பட்ஜ் பதிப்பித்தார். மறு ஆண்டே அடால்ஃப் எர்மான், நீதிமொழிகள் 22:17 முதல் வரும் பகுதி அதனோடு நெருங்கிப் போவதைக் காட்டினார். எல்லைக்கல்லை நகர்த்தாதே, தராசில் கள்ளம் செய்யாதே, விதவையின் நிலத்தில் கை வைக்காதே என்பவை நைல் நதிக்கரையிலும் சொல்லப்பட்டவை. நீதிமொழிகள் 23:10, 11 அதே எல்லைக்கல்லைப் பேசும்போது ஒன்றைச் சேர்க்கிறது: அநாதைப் பிள்ளைகளுக்காக வழக்காடும் மீட்பர் வலியவர். அடுத்த நாட்டு ஞானத்தை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டு, அதில் தன் கடவுளின் பெயரையும் எழுதிவைத்த நூல் அது.

3. கூலியும் மேலாடையும்

1960-இல் மத்தியதரைக் கடலோரம், யாவ்னே-யாம் அருகே உள்ள மெட்ஸாட் ஹஷவ்யாகு என்ற சிறு கோட்டையை யோசேப் நாவே அகழ்ந்தார். அங்கே எபிரேய எழுத்துள்ள மண்பானைச் சில்லுகள் கிடைத்தன. காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அவற்றில் ஒன்று, ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு. தனக்கு அளந்து கொடுத்த வேலையை முடித்துத் தானியத்தைச் சேர்த்தும் வைத்தாயிற்று, அப்படியிருந்தும் சோபாயின் மகன் ஓசாயா என்பவர் தன் மேலாடையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார், தன்னோடு வெயிலில் அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், தான் குற்றமற்றவன், ஆடையைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும். மனு இவ்வளவுதான். சிதைந்த கடைசிப் பகுதியை அறிஞர் பலர் வாசிக்கும் விதத்தில், சட்டப்படி முடியாவிட்டால் இரக்கம் காட்டியாவது தரும்படி அவர் கேட்கிறார். அந்தக் கூலியாள் கேட்ட வரிசையைக் கவனியுங்கள். முதலில் நியாயம். அது கிடைக்காவிட்டால்தான் இரக்கம்.

மேலாடை என்றால் நாம் நினைப்பதுபோல் ஒரு சட்டை அல்ல. ஏழைக்கு இரவில் அதுதான் போர்வை. யாத்திராகமம் 22:26, 27 அதனால்தான், அடமானமாக வாங்கிய மேலாடையைப் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. உபாகமம் 24 இன்னும் நுணுக்கமாகப் போகிறது. திரிகைக் கல்லை அடமானமாக வாங்கக் கூடாது. அது ஒருவரின் சாப்பாட்டையே பிடுங்குவது. விதவையின் ஆடையை வாங்கவே கூடாது. கடன் கொடுத்தவர் அடமானம் வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், கடனாளியே எடுத்து வந்து கொடுப்பார். கடன் வாங்கியவருக்கும் வீடு வீடுதான். மனைவி மக்கள் பார்க்க அவர் சிறுமைப்படக் கூடாது. கடன் தொல்லை தெரிந்த எந்த ஊரிலும் இந்த விதிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

தினக்கூலி அன்றன்று கையில் விழ வேண்டும் என்பது அதே அதிகாரத்தின் 14, 15-ஆம் வசனங்களில் மறுபடியும் வருகிறது. அந்நியக் கூலியாளுக்கும் அதுவே விதி. இந்தப் பின்னணியில்தான் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையைப் படிக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் தோட்டக்காரர் கூலி கொடுக்கச் சொல்கிறார். லேவியராகமம் கேட்டது நிறைவேறிவிட்டது. காலையில் வந்தவர்களுக்குப் பேசியபடி ஒரு தெனாரியம். அதில் ஒரு காசும் குறையவில்லை. மாலை ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கும் அதே கூலி. ஏனெனில் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். முந்தி வந்தவரின் கூலியில் பிடித்தம் செய்து பிந்தி வந்தவருக்கு அவர் தாராளம் காட்டவில்லை. தன் கையிலிருந்து கொடுத்தார். நியாயத்தை முடித்துவிட்டு அதற்கு மேலே போகும்போதுதான் அன்பு பெருந்தன்மையாகிறது. நியாயத்தை விட்டுவிட்டுப் போகும் பெருந்தன்மை அடுத்தவன் காசில் செய்யும் தர்மம்.

4. வயலின் ஓரம்

ரூத்தின் கதையைக் காதல் கதையாகவும் மாமியார் மருமகள் கதையாகவும் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கதையும்கூட. லேவியராகமம் 19:9-இலும் உபாகமம் 24:19-22-இலும் உள்ள விதிப்படி, சிந்திய கதிரும் மறந்துவிட்ட அரிக்கட்டும் வயலின் ஓரமும் ஏழை, விதவை, அநாதை, அந்நியர் ஆகியோருக்கு உரிமை. நிலக்காரர் விரும்பினால் தரலாம் என்று சட்டம் சொல்லவில்லை. பிற்கால யூத மரபு இதை இன்னும் இறுக்கியது. வயலின் ஓரத்தில் குறைந்தது அறுபதில் ஒரு பங்கு விட வேண்டும் என்று மிஷ்னாவின் பேயா பகுதி அளவு வகுத்தது. அதை இன்னார்தான் அறுக்கலாம் என்று நிலக்காரர் ஆள் பார்த்து ஒதுக்கவும் முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஏழை கை நீட்டி நிற்பதில்லை. தானே அறுத்து, தானே தட்டி, தானே சுமந்து போகிறார். ரூத்தும் அப்படித்தான் மாலைவரை பொறுக்கி, தட்டி, ஓர் எப்பா அளவு வாற்கோதுமையோடு வீடு திரும்புகிறார். தானம் கொடுப்பவரின் படம் பெரிதாகவும் வாங்குபவரின் தலை குனிந்தும் அச்சாகும் நம் காலத்துக்கு இது சங்கடமான பாடம்.

போவாஸ் இந்தச் சட்டத்தோடு நின்றுவிடவில்லை. ரூத்தைத் தொடக் கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளையிட்டிருப்பதாக 2:9-இல் சொல்கிறார். வயலில் தனியாக வேலை செய்யும் அந்நியப் பெண்ணுக்கு என்ன நேரலாம் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர்க் குடங்களிலிருந்து குடிக்கச் சொல்கிறார். உணவு வேளையில் உடன் அமர்த்துகிறார். பிறகு 2:15, 16-இல், கட்டுகளிலிருந்தே சில கதிர்களை உருவிப் போட்டுவிடுங்கள், அவளை அதட்டவோ வெட்கப்படுத்தவோ வேண்டாம் என்று ஆட்களிடம் மட்டும் சொல்கிறார். ரூத்தின் காதில் அது விழவில்லை. கூடுதலாகக் கொடுத்தது கூடுதலாகத் தெரியாமல் பார்த்துக்கொண்ட பண்பு அது. ஏழையை ஒடுக்குவது அவரைப் படைத்தவரை இகழ்வது என்று நீதிமொழிகள் 14:31 சொல்வதன் மறுபக்கத்தை போவாஸ் நடந்து காட்டுகிறார்.

இங்கே ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களை நான் மிகைப்படுத்துவதாக மாணவர்கள் நினைக்கலாம். நியாயமான ஐயம். இவை அடிமை முறையை ஒழிக்கவில்லை. அந்நியரிடம் வட்டி வாங்க உபாகமம் 23:20 இடம் கொடுக்கிறது. அதே அதிகாரத்தின் 3-ஆம் வசனம் மோவாபியரைக் கர்த்தரின் சபையில் சேர்க்கவே கூடாது என்கிறது. ரூத் யார்? மோவாபியப் பெண். கதை முடியும்போது அவர் தாவீதின் கொள்ளுப்பாட்டி. மத்தேயு 1:5-இல் இயேசுவின் வம்ச வரலாற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரு வசனம் மூடிய கதவை இன்னொரு நூல் திறக்கிறது. விவிலியத்துக்குள்ளேயே நடக்கும் இந்த வழக்கில் அன்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் நிற்பதுதான் வாசகரின் கடமை. மூடும் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர் ரூத்தின் நூலைக் கிழித்துவிட்டுப் படிக்கிறார்.

5. பகைவனின் கழுதை

நமக்கு வேண்டியவர்களிடம் நேர்மையாக இருப்பது பெரிய காரியமில்லை. யாத்திராகமம் 23:4, 5 வேண்டாதவரின் கழுதையைப் பேசுகிறது. பகையாளியின் மாடோ கழுதையோ வழி தப்பி அலைவதைக் கண்டால் அவரிடம் கொண்டுபோய் விட வேண்டும். நம்மைப் பகைப்பவரின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், பார்க்காததுபோல் போய்விடாமல் உதவ வேண்டும். சுமையோடு விழுந்த கழுதையை ஒற்றை ஆளால் தூக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இருவர் ஒரே கழுதைக்கு இரு பக்கமும் கைகொடுக்கிறார்கள். முதலில் சமாதானம், பிறகு உதவி என்று சட்டம் காத்திருக்கவில்லை.

இவ்விரு வசனங்களும் எங்கே இருக்கின்றன? முன்னே 1 முதல் 3 வரை: பொய்ச்சாட்சி சொல்லாதே, கும்பலோடு சேர்ந்து நியாயத்தைப் புரட்டாதே, வழக்கில் ஏழை என்பதற்காக ஒருபக்கம் சாயாதே. பின்னே 6 முதல் 8 வரை: ஏழையின் வழக்கைப் புரட்டாதே, லஞ்சம் வாங்காதே. வழக்குமன்ற விதிகளின் நட்ட நடுவில் பகைவனின் கழுதை வந்து படுத்திருக்கிறது. லேவியராகமம் 19-இல் கண்ட அதே அமைப்பு இங்கும் இருப்பதால், அன்பையும் நியாயத்தையும் நான் வலிந்து சேர்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளத் துணிகிறேன்.

ஞான நூல் இதை மேலும் வளர்க்கிறது. பகைவன் விழும்போது மகிழாதே என்கிறது நீதிமொழிகள் 24:17. அவனுக்குப் பசித்தால் சோறு கொடு, தாகித்தால் தண்ணீர் கொடு என்ற கருத்து 25:21-இல் வருகிறது. அதைப் பவுல் ரோமர் 12:20-இல் எடுத்தாள்கிறார். 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில், கையில் சிக்கிய சீரியப் படையை வெட்டலாமா என்று அரசன் கேட்கிறான். எலிசா தீர்க்கதரிசி விருந்து வைத்து அனுப்பச் சொல்கிறார். அதன்பின் அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் இஸ்ரவேல் நாட்டுக்குள் வரவில்லை என்று பகுதி முடிகிறது. பகைவரை நேசியுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னபோது, கேட்டவர்களுக்கு அது புதிய உச்சம். ஆனால் அதற்கு ஏறும் படிகள் பழைய ஏற்பாட்டிலேயே வெட்டப்பட்டிருந்தன.

இதில் மனம் கசிய வேண்டும் என்று எங்கும் நிபந்தனை இல்லை. கழுதையைத் தூக்கு, சோறு போடு, தண்ணீர் கொடு. உணர்ச்சி வரும்வரை காத்திருந்தால் கழுதை செத்துப்போகும்.

6. யோபுவின் கேள்வி

நேர்மையாக வாழ்ந்தால் நன்மை வரும் என்று நீதிமொழிகள் நம்பிக்கையோடு பேசுகிறது. அதை மறுத்துப் பேச இரண்டு நூல்களை விவிலியமே பக்கத்தில் வைத்திருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பார்த்தேன், தேற்றுவார் யாரும் இல்லை என்ற பொருளில் பிரசங்கி 4:1 எழுதுகிறது. யோபுவோ நேர்மையாக வாழ்ந்தும் அனைத்தையும் இழந்தவர்.

யோபுவின் நண்பர்கள் முதலில் செய்தது சரி. ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறினார்கள். நீ பாவம் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வராது என்று வாதாடினார்கள். அவர்களின் வாக்கியங்கள் பல, நீதிமொழிகளிலிருந்து எடுத்ததுபோலவே இருக்கும். முடிவில் கடவுள் அவர்களைக் கண்டித்து, யோபுதான் சரியாகப் பேசினார் என்கிறார் (42:7). துன்பப்படுபவரின் தலையில் போடும் உண்மைகூடப் பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு வேண்டியதில்லை.

31-ஆம் அதிகாரத்தில் யோபு ஆணையிட்டுத் தன் வாழ்க்கைக் கணக்கை ஒப்படைக்கிறார். வேலைக்காரரின் வழக்கை அசட்டை செய்தேனா? என்னைக் கருவில் உருவாக்கியவர்தானே அவரையும் உருவாக்கினார்? விதவையின் கண்கள் பூத்துப்போகவிட்டேனா? அநாதைக்குக் கொடுக்காமல் தனியாகச் சாப்பிட்டேனா? என் ஆட்டு மயிரால் குளிர் நீங்காத ஏழை உண்டா? விலை கொடுக்காமல் விளைச்சலைத் தின்றதாக என் நிலம் எனக்கு எதிராகக் கூக்குரலிட்டதா? இந்தக் கேள்விகளின் பொருளைத்தான் சொன்னேன்; முழு அதிகாரத்தையும் வீட்டில் படியுங்கள். பலனை இழந்த பிறகும் யோபு இந்தக் கணக்கைக் கைவிடவில்லை. பலனுக்காக அவர் அப்படி வாழ்ந்திருக்கவில்லை.

இதை இன்றைய மேடைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காணிக்கை கொடுத்தால் பன்மடங்கு திரும்பிவரும் என்று கூறும் பிரசங்கம், யோபுவின் நண்பர்களுடைய இறையியலை ஒலிபெருக்கியில் போடுகிறது. அப்படித் திரும்பக் கிடைக்காதவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று பழியும் போடுகிறது. ஏழைக்கு இரங்குவது கடவுளுக்குக் கடன் கொடுப்பது என்று நீதிமொழிகள் 19:17 சொல்வது உண்மை. அந்தக் கடனுக்கு வட்டி விகிதம் அறிவிக்கும் உரிமை எந்தப் பிரசங்கியாருக்கும் தரப்படவில்லை.

நம் சபைகளுக்கு

இதுவரை சொன்னவற்றை நம் சபைகளின் வாசலில் வைத்து முடிக்கிறேன். யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்குக் காலடியில் இடம். தமிழ்ச் சபைக்கு இந்தக் காட்சி பழக்கமானது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை முழுவதும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையாரில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். தனித்தனியே அமர்வதும் திருவிருந்தில் யார் முதலில் என்பதும் அன்றைய சண்டை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியால் பிரித்த அமைப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நின்றது. கல்லறைத் தோட்டங்களில் அந்தப் பிரிவினை இன்னும் முழுவதும் ஒழிந்தபாடில்லை. உயிரோடு இருப்பவர்கள் மேல் அன்பு வைப்பதாகச் சொல்லிக்கொண்டு, இறந்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பும் சபைக்கு லேவியராகமம் 19 புரியாது.

பட்டியல் இதோடு முடியவில்லை. நம்முடைய பள்ளிகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் பலருக்கு வேலை தருகின்றன. அங்கே கை ஓங்கியிருப்பது நாம். ஆகவே சோதனை அங்கே நடக்கிறது. துப்புரவு செய்பவருக்கும், இரவுக் காவலருக்கும், சொற்பச் சம்பளத்தில் வகுப்பெடுக்கும் தற்காலிக ஆசிரியருக்கும் உரியது உரிய நாளில் போய்ச் சேருகிறதா? கையெழுத்து வாங்கும் தொகையும் கையில் கொடுக்கும் தொகையும் ஒன்றுதானா? சபைச் சொத்தின் கணக்கைக் கேட்கும் எளிய உறுப்பினருக்கு மரியாதையான பதில் கிடைக்கிறதா? இவை நிர்வாகக் கேள்விகள் என்று ஒதுக்க வேண்டாம். இவையே நம் அன்பைப் பற்றிய கேள்விகள்.

லூக்கா 19-இல் சகேயு மனம் திரும்பியபோது கண்ணீர் விட்டதாக எழுதப்படவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று சொன்னார். பாதி, நான்கு மடங்கு என்று எண்ணிச் சொன்னார். அன்று அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவித்தார்.

எனவே சபைக் கமிட்டிகளில் இருப்பவர்களிடமும், நாளை ஆயர்களாகப் போகும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஏலப் பொருட்களின் பட்டியல் தயாரிக்கும் முன், நம் நிறுவனங்களில் யாருக்கு எவ்வளவு சம்பளம் பாக்கி என்ற பட்டியலைத் தயாரியுங்கள். பாக்கியை முதலில் கொடுத்து முடியுங்கள். காணிக்கையை அதன்பின் எடுங்கள்.